போஸ்டரின் ஓரத்தில் இருக்கும் பெயர்: சான் பிரான்சிஸ்கோ ஹிப்பி கால ஓவியர்களைப் பற்றி எழுத நினைப்பவர்களின் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு போஸ்டர் மாட்டியிருக்கிறது. பச்சைப் பின்னணியில் தீப்பிடித்த மாதிரி சிவப்பு எழுத்து. 1960-களில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு ராக் இசை நிகழ்ச்சிக்கான விளம்பரம். அசல் இல்லை, பிற்காலத்து அச்சு. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரோடு அதன் முன்னால் போய் நிற்பார்கள், அப்புறம் கேள்வி ஆரம்பிக்கும். இதை வரைந்தவர்களைப் பற்றி நான் பல வருடமாகக் குறிப்பெடுப்பது தெரிந்ததும், தங்களுக்குத் தெரிந்த ஒரு கலைஞரைப் பற்றி இப்படி எழுத நினைப்பவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் காபியாவது ஆறாமல் இருக்கும்.

இதை வரைந்தது யார்? பேர் கேட்ட மாதிரியே இல்லையே.

வெஸ் வில்சன். 1937-ல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் பிறந்தவர். படித்தது வனவியலும் தோட்டக்கலையும், அதன் பிறகு கொஞ்சம் தத்துவம். கை பழகியது சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சின்ன அச்சகத்தில். 1965-ல் தானே ஒரு போஸ்டர் போட்டார்: அமெரிக்கக் கொடிக்குள் நாஜி ஸ்வஸ்திகா, 'அடுத்தது நாமா?' என்று ஒரு கேள்வி. வியட்நாம் போருக்கு எதிராகப் போட்டது.

1966 ஜனவரியில் இசையும் ஒளிக்காட்சியுமாக மூன்று நாள் நடந்த டிரிப்ஸ் திருவிழாவுக்குத் துண்டறிக்கை வரைந்தார். அதன் பிறகு ஃபில்மோர் அரங்கத்தை நடத்திய பில் கிரகாம், அவலான் அரங்கத்தில் 'ஃபேமிலி டாக்' என்ற பெயரில் நடன நிகழ்ச்சிகள் நடத்திய செட் ஹெல்ம்ஸ் இருவருக்கும் வரைந்தார். இவரையும் விக்டர் மொஸ்கோசோ, ரிக் கிரிஃபின், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி ஆகியோரையும் சேர்த்து 'பெரிய ஐவர்' என்பார்கள்.

ஹேய்ட்-ஆஷ்பரி என்பது ஊரா, தெருவா? எல்லாரும் ஏன் அங்கேயே போய்க் குவிந்தார்கள்?

சான் பிரான்சிஸ்கோவில் ஹேய்ட், ஆஷ்பரி என்ற இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனை அது. சுற்றியுள்ள பகுதிக்கும் அதே பெயர். வாடகை குறைவு என்பதால்தான் ஹிப்பிகள் அங்கே குவிந்தார்கள். பழைய மரவீடுகள், நிறைய அறைகள், பத்துப் பேர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கலாம். பக்கத்துப் பூங்கா வழியாக நெடுஞ்சாலை போடும் திட்டம் பல வருடம் தலைக்கு மேல் தொங்கியதும் வாடகையை ஏறவிடவில்லை. 1966 மார்ச்சில் நகர மேற்பார்வைக் குழு 6-க்கு 5 என்ற வாக்கில்தான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 1967 கோடையில் வந்த இளைஞர்கள் சுமார் ஒரு லட்சம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபில்மோரும் சரி, அவலானும் சரி, ஹேய்ட்டில் இல்லை. ஒன்று கியரி தெருவில், மற்றது சட்டர் தெருவில். கலைஞர் தூங்கிய இடம், அச்சடித்த இடம், ஆட்டம் நடந்த இடம், போஸ்டர் ஒட்டிய இடம் எல்லாம் வேறு வேறு. எழுதத் தொடங்கும் முன் ஒரு வரைபடத்தில் இவற்றைப் புள்ளி வைத்துப் பாருங்கள். 'ஹிப்பிப் பேட்டையில் வாழ்ந்தார்' என்ற ஒற்றை வரியை அதற்கப்புறம் உங்களால் எழுத முடியாது.

சுவரில் ஒட்டிக் கிழிக்கிற காகிதம். அதை வரைந்தவருக்கு எதற்கு வாழ்க்கை வரலாறு?

கிழிக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள், அதுதான் விசேஷம். பில் கிரகாம் பக்கத்து ஊரான பெர்க்லியில் போஸ்டர் ஒட்டிக்கொண்டே போனால், திரும்பி வரும்போது அங்கே ஒன்றும் இருக்காதாம். அவரே சொன்ன கதை. பிறகு ஆட்டம் முடிந்து வெளியே போகிறவர்கள் கையில் இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தார். 1967 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் மூர் கேலரி பெரிய ஐவரின் போஸ்டர்களை வைத்துக் கண்காட்சி நடத்தியது. அதே செப்டம்பரில் லைஃப் இதழ் போஸ்டர் மோகத்தை அட்டைப்படத்திலேயே போட்டது.

பாடகர்களைப் பற்றி ஒலிநாடா, படம், பேட்டி எல்லாம் கிடக்கிறது. வரைந்தவர் மேசையில் என்ன நடந்தது என்பதற்குத்தான் சாட்சி குறைவு. அந்தக் குறைவே எழுதுவதற்குப் போதுமான காரணம்.

எழுத்தைப் படிக்கவே முடியவில்லையே. போதையில் வரைந்ததா?

என் கூடத்துப் போஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 1966 ஜூலை 22, 23 தேதிகளில் ஃபில்மோரில் நடந்த நிகழ்ச்சிக்கானது. தள்ளி நின்று பார்த்தால் ஒரு தீக்கொழுந்து. கிட்டே போனால்தான் கொழுந்து முழுக்க எழுத்து என்று தெரியும். எழுத்தின் அடி குறுகலாக இருக்கிறது, மேலே போகப் போக விரிந்து வளைகிறது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இருக்கும் பச்சை இடைவெளியும் ஓர் உருவம் மாதிரி நெளிகிறது. சிவப்பும் பச்சையும் எதிரெதிர் நிறங்கள், இரண்டும் ஒரே அளவு அழுத்தத்தில் இருந்தால் ஓரத்தில் கண் கூசும். யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸிடம் நிறம் படித்த மொஸ்கோசோ இந்தக் கூச்சத்தையே தன் தொழிலாக்கிக்கொண்டார்.

போதையா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த எழுத்துக்கு ஒரு தாத்தா உண்டு: ஆல்ஃபிரட் ரோலர், 1900-ஐ ஒட்டி வியன்னாவில் கட்டம் கட்டமாக நிரம்பி வழியும் எழுத்து வரைந்தவர். 1965 கடைசியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பழைய ஜெர்மன் போஸ்டர்களின் கண்காட்சி நடந்தது. அதன் கையேட்டில்தான் வில்சன் ரோலரின் எழுத்தைப் பார்த்தார். படிக்க முடியவில்லை என்று கிரகாம் குறைப்பட்டபோது, அதனால்தான் நின்று பார்ப்பார்கள் என்று வில்சன் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டில் காபி ஆறுவதைப் பார்த்தால் கதை உண்மையாக இருக்கலாம்.

சரி, அவர் ஹிப்பியா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. 1967-ல் அவருக்கு 30 வயது. கல்யாணமானவர், வாராவாரம் கெடு வைத்து வேலை முடித்துக் கொடுத்தவர். வெள்ளிக்கிழமை ஆட்டம் என்றால் அதற்கு எவ்வளவோ முன்னாலேயே போஸ்டர் அச்சகத்துக்குப் போயிருக்க வேண்டும். பூங்காவில் புல்லாங்குழல் ஊதிக்கொண்டு கிடந்தால் அது நடக்காது. ஆனால் போரை வெறுத்தவர், அந்தக் கூட்டத்தின் நடுவில் இருந்தவர், அதன் முகத்தையே வரைந்தவர்.

'ஹிப்பி' என்ற சொல்லை 1965 செப்டம்பரில் உள்ளூர்ச் செய்தித்தாள்தான் பரப்பியது. 1967 அக்டோபர் 6 அன்று ஹேய்ட் தெருவில் பாடை தூக்கி 'ஹிப்பி செத்துவிட்டான்' என்று ஊர்வலம் போனவர்களுக்கும் கோபம் அந்தப் பட்டத்தின் மேல்தான். நீங்கள் எழுதும் கலைஞர் தன்னை என்னவென்று சொல்லிக்கொண்டார் என்று கேட்டு அதையே எழுதுங்கள்.

போஸ்டரில் தேதி இருக்கிறது, வருடம் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த வாரம் கிழிபடப் போகிற காகிதத்தில் வருடம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நமக்கு உதவுவது கிழமை. 'வெள்ளி, சனி, ஜூலை 22, 23' என்று இருந்தால் அது 1966. 1965-ல் 22-ஆம் தேதி வியாழன், 1967-ல் சனி, 1968-ல் திங்கள். கிழமையும் இல்லை என்றால் அரங்கத்தைப் பாருங்கள். அவலானில் ஃபேமிலி டாக் ஆட்டங்கள் தொடங்கியதே 1966 ஏப்ரலில்தான்.

ஒரு எச்சரிக்கை. போஸ்டரில் பெயர் இருக்கிறது என்பதால் அந்தக் குழு அன்று வாசித்தது என்று எழுதிவிடாதீர்கள். கடைசி நேரத்தில் ஆள் மாறும். போஸ்டர் சொல்வது ஏற்பாட்டை மட்டும். நடந்ததற்கு மறுநாள் செய்தித்தாளோ வேறு சாட்சியோ வேண்டும்.

மாமா அமெரிக்காவிலிருந்து ஒன்று கொண்டு வந்தார். ஒரிஜினல்தானே?

பெரும்பாலும் இருக்காது. அந்தக் காலத்திலேயே மறுபடி மறுபடி அச்சிட்டு விற்றார்கள், திருட்டு அச்சும் உண்டு. அளவு, காகிதத்தின் கனம், ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்து மூன்றையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். கிரகாமின் வரிசை, ஃபேமிலி டாக் வரிசை இரண்டுக்கும் எண் போட்ட பட்டியல்கள் இருக்கின்றன. விலை விஷயம் எனக்கு வேண்டாம். மாமாவுக்கு அதை யார் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டு எழுதி வையுங்கள்.

அங்கே இருந்தவர்களே சொல்கிறார்கள். அதை அப்படியே எழுதிவிடலாமா?

எழுதலாம், ஆனால் தேதியை நம்பாதீர்கள். அச்சகங்களில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் இரண்டு மத்தியானம் பேசினேன். 1965 கோடையில் அவலானுக்குக் கட்டுக் கட்டாகப் போஸ்டர் கொண்டு போனதாகச் சொன்னார். அவலானில் ஆட்டம் தொடங்கியதே 1966 ஏப்ரலில் என்று மேலே சொன்னேன், ஆகவே அது முடியாது. நான் மறுத்துப் பேசவில்லை. எந்த வண்டி, யார் ஓட்டினார்கள், கட்டை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மடியில் வைத்தேன், பச்சை மை காயவில்லை, என் ஒரே நல்ல பேன்ட் போச்சு, அந்தக் காசை யாரும் தரவில்லை என்றார். ஐம்பது வருடம் கழித்தும் அந்தக் கோபம் அப்படியே இருந்தது. வருடத்தை நான் திருத்திக்கொண்டேன், பேன்ட்டை அப்படியே எழுதிக்கொண்டேன்.

'அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் எல்லாரும் ஏற்கெனவே பத்திரிகையில் வந்ததைத்தான் திருப்பிச் சொல்வார்கள். வாடகை எவ்வளவு, யார் சமைத்தது, விளக்கு எந்தப் பக்கம் இருந்தது, பேனா எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். 1966 ஜனவரியில் நடந்த டிரிப்ஸ் திருவிழாவையும் 1967 ஜனவரி 14 அன்று கோல்டன் கேட் பூங்காவில் நடந்த ஹியூமன் பீ-இன் கூட்டத்தையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய. முதலாவது கூரைக்கு அடியில், இரண்டாவது வெட்டவெளியில். 'வெயில் அடித்ததா?' என்று கேட்டால் போதும்.

பில் கிரகாம் வில்சனை ஏமாற்றிவிட்டார் என்கிறார்களே?

சண்டை நடந்தது உண்மை. போஸ்டர் விற்க ஆரம்பித்ததும் அந்த விற்பனையில் வரைந்தவருக்கு என்ன பங்கு என்பதில் தகராறு. 1967 மே மாதத்தோடு வில்சன் கிரகாமுக்கு வரைவதை நிறுத்தினார். பிரியும் நேரத்துப் போஸ்டரில் ஒரு பாம்பும் டாலர் குறியும் இருக்கின்றன. இதைவிட வெளிப்படையான ராஜினாமாக் கடிதம் வேண்டுமா?

ஆனால் 'ஏமாற்றினார்' என்பது தீர்ப்பு. அதைச் சொல்ல ஒப்பந்தம், கணக்கு, இரண்டு பக்கத்துப் பேச்சு மூன்றும் வேண்டும். கிரகாம் 1991-ல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு சொல்லப்பட்ட எதற்கும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தக் காலத்தை அன்பு, பூ, சமாதானம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் கூலி விவகாரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது. மொஸ்கோசோ 'நியான் ரோஸ்' என்ற பெயரில் தன் போஸ்டர்களைத் தானே வெளியிட்டு உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார். அவரும் அதே தெருக்களில் நடந்தவர்தான்.

'பெரிய ஐவர்' ஐந்து பேரும் ஆண்கள். பெண்கள் யாரும் வரையவே இல்லையா?

வில்சன் போன மறுவாரம் ஃபில்மோர் போஸ்டரை வரைந்தது யார் என்று பாருங்கள்: பானி மெக்லீன். 1939-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர், பிரெஞ்சு மொழி படித்தவர். கிரகாம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த காலத்திலேயே அவரோடு அங்கே வேலை செய்தவர். ஃபில்மோரில் வரப்போகும் நிகழ்ச்சிகளை அறிவிப்புப் பலகையில் அலங்காரமாக எழுதுவது அவர் பொறுப்பு. வில்சன் விலகியதும் பலகையில் பழகிய கை காகிதத்துக்கு வந்தது. 1967 ஜூனில் கிரகாமுக்கும் அவருக்கும் கல்யாணம். 30-க்கும் மேற்பட்ட போஸ்டர்கள் வரைந்தார். வில்சனின் உருவங்கள் நெளிந்து ஆடும், மெக்லீனின் முகங்கள் கோயில் சிலை மாதிரி அசையாமல் உங்களைப் பார்க்கும்.

பல கட்டுரைகளில் அவர் 'கிரகாமின் மனைவி' என்றுதான் அறிமுகமாகிறார். கல்யாணத்துக்கு முன்பே போஸ்டர் வரைய ஆரம்பித்துவிட்டார் என்பதைத் தேதியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். பலகையில் எழுதியது போஸ்டர் மாதிரி ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகாது. ஆகவே உங்கள் கலைஞரைத் தேடும்போது சம்பளப் பட்டியலில் 'உதவியாளர்' என்று இருக்கும் பெயர்களையும் விடாமல் பாருங்கள். சமையலறை மேசையில் வண்ணம் பிரித்துக் கொடுத்தவர்கள் யாரென்றும் கேளுங்கள்.

சாமியார் படம், மந்திரம் எல்லாம் போட்டிருக்கிறார்களே. எல்லாம் நம்மிடமிருந்து எடுத்ததுதானே?

கொஞ்சம் உண்மை. ஹியூமன் பீ-இன் போஸ்டர் ஒன்றில் மூன்று கண் வைத்த சாது இருக்கிறார். 1967 தொடக்கத்தில் ஹேய்ட்டுக்குப் பக்கத்தில் ஃபிரடெரிக் தெருவில் ஹரே கிருஷ்ணா கோயில் திறந்தது. அதற்குப் பணம் திரட்ட ஜனவரி 29 அன்று அவலானில் 'மந்த்ரா-ராக்' நடனம் நடந்தது, ஹரே கிருஷ்ணா இயக்கத்தைத் தொடங்கிய பிரபுபாதா மேடையிலேயே இருந்தார்.

ஆனால் வில்சனின் எழுத்து வியன்னாவிலிருந்து வந்தது, மேலே சொல்லிவிட்டேன். 'எல்லாம் நம்முடையது' என்று எழுதினால் நம் ஆட்கள் கை தட்டுவார்கள், வேலை கெட்டுப்போகும். ஒவ்வொரு படமும் எந்தக் காகிதத்திலிருந்து எந்தக் காகிதத்துக்கு வந்தது என்று பின்தொடருங்கள்.

அடுத்தவர் படத்தை எடுத்து ஒட்டியதெல்லாம் கலையா?

ரோஜாக்களுக்கு நடுவில் நிற்கும் எலும்புக்கூட்டைச் சொல்கிறீர்கள். மவுஸும் கெல்லியும் 1966 செப்டம்பரில் அவலானில் கிரேட்ஃபுல் டெட் குழு வாசித்த நிகழ்ச்சிக்குப் போட்டது. எட்மண்ட் சலிவன் என்ற ஆங்கிலேயர் பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் ருபாயத் கவிதைகளுக்கு வரைந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் கண்டெடுத்தார்கள். வண்ணம், எழுத்து, சட்டகம் இவர்களுடையவை. சலிவனின் பெயர் நூலகத்திலேயே தங்கிவிட்டது. 'கடன் வாங்கினார்' என்று எழுதுங்கள், யாரிடம் என்றும் எழுதுங்கள். கலையா என்பதைப் படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

போதைப் பழக்கத்தைப் பற்றி எழுதணுமா? குடும்பத்தார் வருத்தப்படுவார்களே.

கலைஞர் தானே பொதுவில் பேசியிருந்தால் அவர் சொன்ன அளவுக்கு எழுதலாம். மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் நான் விட்டுவிடுவேன். படத்தைப் பார்த்து ஊகிப்பது வேண்டவே வேண்டாம்.

சட்டம் மாறிய தேதியையும் கவனியுங்கள். கலிபோர்னியாவில் எல்எஸ்டி என்ற போதைப்பொருள் குற்றமானது 1966 அக்டோபர் 6 அன்று. அதற்கு முந்தைய வாரம் நடந்ததைக் 'குற்றம்' என்று எழுதினால் அது உங்கள் தவறு. மேலே சொன்ன பாடை ஊர்வலம் சரியாக அதற்கு ஒரு வருடம் கழித்து.

இந்தப் போஸ்டர்களை என் புத்தகத்தில் அச்சிடலாமா?

அமெரிக்கச் சட்டத்தில் 1978-க்கு முன் உரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியானவை பொதுச்சொத்து ஆகிவிட்டன. குறிப்போடு வெளியானவற்றுக்கு, 1964-க்கும் 1977-க்கும் இடைப்பட்டவை என்றால், 95 வருடம் பாதுகாப்பு. 1966 போஸ்டருக்கு அது 2061 முடிவு வரை. அதனால் ஓரத்துப் பொடி எழுத்தை மறுபடியும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அங்கே யார் பெயர் இருக்கிறது என்பதிலேயே சண்டையின் பாதி அடங்கியிருக்கும். இந்தியாவில் அச்சிடுவதாக இருந்தால் இங்கே தெரிந்த வக்கீலைத் தனியாகக் கேளுங்கள்.

1967-க்கு அப்புறம் வில்சன் என்ன ஆனார்? கதை அதோடு முடிந்துவிடுகிறதே.

எழுதுகிறவர்கள் முடித்துவிடுகிறார்கள், ஆள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார். 1970-களின் நடுவில் குடும்பத்தோடு மிசூரியின் ஓசார்க் மலைப்பகுதிக்குப் போய் மாடு வளர்த்தார். வரைவதையும் விடவில்லை. மெக்லீன் கிரகாமைப் பிரிந்து பென்சில்வேனியாவுக்குத் திரும்பினார். ரிக் கிரிஃபின் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்து, 1991-ல் மோட்டார்சைக்கிள் விபத்தில் இறந்தார். போஸ்டர் காலம் ஒன்றரை வருடம், பண்ணை 40 வருடம். பக்கங்களைப் பிரிக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், வயசு எண்பது தாண்டிவிட்டது. ரிடையர் ஆனதும் நிதானமாக ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

வில்சன் 2020 ஜனவரி 24 அன்று இறந்தார். மெக்லீன் பிப்ரவரி 4 அன்று. அந்த இருவரையும் வைத்து 1967 மே மாதத்தைப் பற்றி நான் கேட்க நினைத்தவை நோட்டில் அப்படியே கிடக்கின்றன.

ஆகவே இந்த வாரமே போன் செய்யுங்கள். முதல் நாள் ரெக்கார்டரை எடுக்காதீர்கள், அவர் வீட்டில் இருக்கும் பழைய காகிதங்களைப் பார்க்கலாமா என்று மட்டும் கேளுங்கள். மின்கட்டண ரசீது, அச்சகப் பில், வீட்டுக்காரர் கடிதம் எதையும் தூக்கிப் போட விடாதீர்கள். காலையில் போங்கள். சாப்பாட்டுக்கு மேல் அவர்கள் கொஞ்சம் கண் அசருவார்கள்.